உன் கல்யாணத்தன்று ரத்தம் எடுக்க வேண்டாம்

கார்த்தி, நீ புனேயிலிருந்து அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. உன் பெயரும் நிவேதாவின் பெயரும் பார்க்க அழகாக விழுந்திருக்கின்றன. முகூர்த்த நேரத்தில் பிழை இல்லை. மண்டபத்துக்கு வழி காட்டும் படத்தில் மெட்ரோ நிலையத்தைக்கூட மறக்காமல் குறித்திருக்கிறாய். எல்லாவற்றுக்கும் கீழே, பரிசுகளைத் தவிர்க்கவும் என்று வழக்கமாகப் போடும் இடத்தில், “பரிசுக்குப் பதிலாக ரத்தம் தாருங்கள். மண்டபத்தின் கீழ்த்தளத்தில் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை முகாம். அம்மாவின் மருந்துக்காக” என்று ஒரு வரி இருந்தது. உங்கப்பா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். “பந்தியில பாயசம் ஊத்தறதுக்கு முன்னாடி கையில ஊசியக் குத்திப்புடுவானோ?” என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று முழுவதும் அந்த வரியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள்தான் இன்னொன்று தெரிந்தது. என் பழைய மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுவிலும் நீ அதைப் போட்டிருக்கிறாய். இருநூற்று அறுபது பேர் இருக்கும் அந்தக் குழுவில் பொங்கலுக்குக்கூட நாற்பது பேர்தான் வாழ்த்துச் சொல்வார்கள். உன் செய்திக்குக் கீழே ஒருவர் பாக்கி இல்லாமல் “வருகிறோம் டீச்சர்” என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பயமே வந்துவிட்டது. அதனால் உனக்கு மட்டும் எழுத வேண்டியதை அவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன். இந்தத் தலைநகரின் தமிழ்ப் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முப்பத்துமூன்று வருடம் தமிழில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, உன்னை மட்டும் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தவர்கள் நானும் உங்கப்பாவும். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அவசரமில்லை. நிவேதாவுக்குத் தமிழ் உன்னைவிடக் கொஞ்சம் நன்றாக வரும். தடுமாறும் இடத்தில் அவளைக் கேள். தெரியாததை மனைவியிடம் கேட்கும் பழக்கம் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிடுவது நல்லது.

என் நோய் உனக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர், “அம்மாஜி, சப்பல்!” என்று என் காலைக் காட்டினார். வலது காலில் செருப்பு இல்லை. இரண்டு கடை தள்ளி அது தனியாகக் கிடந்தது. கழன்று போனதே எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு பஸ் படியில் கால் ஏறவில்லை, பிறகு பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, பிறகு ரவிக்கை ஊக்கு. மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருக்கிறது அல்லவா, அதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. கிருமிகளிடமிருந்து உடம்பைக் காக்க வேண்டிய காவல்படை, ஆள் தெரியாமல் அந்த உறையையே அரித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். அதற்கு அவர் ஏற்றிய மருந்துதான் இம்யூனோகுளோபுலின். ஒரு மாதத்தில் நான் மறுபடி ஊக்குப் போட்டேன். அன்றிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியின் பகல் வார்டில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இரண்டாவதோ மூன்றாவதோ முறை போனபோது அந்தக் குப்பியில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தேன். மனித ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று போட்டிருந்தது. அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான், என் உடம்பில் ஏறுவது எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் கேட்டேன். ரத்தத்தில் அணுக்களையெல்லாம் நீக்கினால் மிஞ்சுவது வைக்கோல் நிறத்தில் இருக்கும் பிளாஸ்மா என்று நானே கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் சேர்த்து, அதிலிருந்து ஒவ்வொரு சத்தாகப் பிரித்து, கிருமிகளைக் கொன்று, சோதித்து, குப்பியில் அடைக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும் என்பது எனக்குத் தெரியாது. பாலை நினைத்துக்கொள். ஊரெல்லாம் கறந்த பாலைப் பண்ணையில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். அதிலிருந்து வெண்ணெய், நெய், மோர். பிளாஸ்மாவிலும் அப்படித்தான். ரத்தம் உறையாத நோய் உள்ளவனுக்கு ஒரு சத்து, தீக்காயம் பட்டவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் ஆல்புமின் என்று இன்னொன்று, எனக்கு இது. கறந்த பாலை உடனே குளிரவைக்காவிட்டால் திரிந்துவிடும். பிளாஸ்மாவையும் சில மணி நேரத்துக்குள் பிரித்து உறைய வைத்துவிட வேண்டும்.

ஆகவே, உன் கல்யாணத்தன்று உன் நண்பன் கொடுக்கும் ரத்தம் என் கைக்கு வராது. அடுத்த வருடம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். போகாமல் இருக்கலாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் யாரும் பிளாஸ்மாவை நினைத்து ரத்தம் எடுப்பதில்லை. ஆபரேஷனுக்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் சிவப்பணு வேண்டும், அதற்காக எடுக்கிறார்கள். பிளாஸ்மா கூட வருவது. சில நாடுகளில் மெஷின் வைத்து பிளாஸ்மாவை மட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பணுவை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள், கொடுப்பவருக்குப் பணமும் தருகிறார்கள். நம் சட்டம் ரத்தத்துக்குப் பணம் கூடாது என்கிறது. அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அப்போது தானமாக வருகிற ஒவ்வொரு பையையும் கவனமாகக் கையாள வேண்டும். பெரிய வங்கிகளில் செய்கிறார்கள். சின்ன வங்கிகள் சிலவற்றில் பிரிக்கும் மெஷின் இல்லை. மெஷின் இருந்தால் உறைய வைக்கும் பெட்டி இல்லை. பெட்டி இருந்தால் அங்கிருந்து தொழிற்சாலைக்கு எடுத்துப்போக வண்டி வருவதில்லை. ஓர் ஊரில் பிளாஸ்மாவைக் கொட்டுகிறார்கள், இன்னோர் ஊரில் அதே மருந்துக்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்து நிற்கிறார்கள். கிடங்கில் கோதுமை நனைவதும் ரேஷன் கடையில் வரிசை நீள்வதும் ஒரே நாள் பேப்பரில் வருமே, அதுபோல. இதற்கு நடுவில் தேவையோ கூடிக்கொண்டே இருக்கிறது. கூடுவது கெட்ட செய்தி அல்ல. முன்பெல்லாம் என்ன நோய் என்றே தெரியாமல் செத்துப்போன குழந்தைகளுக்கு இப்போது நோயின் பெயர் தெரிகிறது, மருந்து எழுதுகிறார்கள். பிழைத்திருப்பவர்கள் கூடினால் தேவையும் கூடத்தானே செய்யும்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். ஓய்வு பெறுவதற்கு முன்பு பள்ளியில் நான் நடத்திய ரத்ததான முகாம் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது கல்லூரியில் படித்தாய். உனக்கு ஊசி போடும் முன்பே, பக்கத்துக் கட்டிலில் இருந்தவனைப் பார்த்து மயங்கி விழுந்து மாம்பழ ஜூஸ் இரண்டு டப்பா குடித்தாய். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. எனக்கு அது பிரிவுபசார வருடம். ஓர் எண் வேண்டியிருந்தது. இருநூறு பை என்று மனதில் வைத்துக்கொண்டேன். முகாமுக்கு ஒரு வாரம் முன்பு ரத்த வங்கியிலிருந்து ராகேஷ் என்ற டெக்னீஷியன் வந்து கட்டில் போடும் இடத்தை அளந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “மேடம்ஜி, ஒரே நாளில் இருநூறா? எங்ககிட்ட மெஷின் ஏக் ஹி ஹை, ஒண்ணே ஒண்ணு. தீபாவளிக்கு முந்தின நாள் காலனி முழுக்கக் கோதுமையைத் தூக்கிக்கிட்டு மாவரைக்க ஒரே சக்கிக்கு வந்தா, சக்கிவாலா என்ன பண்ணுவான்?” என்றார். “சனிக்கிழமைக்கு சனிக்கிழமை பத்துப் பத்துப் பேரா அனுப்புங்க. வருஷம் பூரா அனுப்புங்க. உங்களுக்கு சலாம் போடுவோம்.”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “பத்துப் பேரை யார் போட்டோ எடுப்பாங்க ராகேஷ்ஜி?” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன், ஆனால் அதுதான் உண்மை. அன்று இருநூற்றுப் பன்னிரண்டு பை சேர்ந்தது. பகலில் இரண்டு மணி நேரம் கரெண்ட் இல்லை. கடைசி வண்டி ரிங் ரோடு நெரிசலில் சிக்கி மாலையில்தான் வங்கிக்குப் போனது. எனக்குக் கொடுத்த கேடயத்தில் அந்த எண்ணைப் பொறித்திருந்தார்கள். தலைமையாசிரியர் அதை மைக்கில் சொன்னபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நோய் வந்த பிறகு, குப்பியின் சீட்டை வாசித்த அதே மாதம், வார்டிலிருந்து திரும்பும் வழியில் அந்த வங்கியில் இறங்கினேன். உங்கப்பா ஆட்டோவிலேயே காத்திருந்தார். ராகேஷ் தலை நரைத்து, அதே மேஜையில் இருந்தார். “ஆயியே, வாங்க ரெகார்ட் மேடம்!” என்று எழுந்தார். என் கைத்தடியைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் எத்தனை பை பிளாஸ்மா ஆயிற்று என்று கேட்டேன். சொல்ல விருப்பமில்லாமல் டீ வரவழைத்தார். நான் விடவில்லை. “எழுபதுக்குள்ளதான் மேடம்ஜி. ரெண்டு ஷிப்ட் ஆளும் சேர்ந்து மெஷின்ல சுத்திப் பிரிச்சோம். அதுக்கு மேல நேரம் தாண்டிருச்சு. மிச்சத்தை அப்படியே முழு ரத்தமா வச்சோம். போனது போச்சு. போகாதது நாள் முடிஞ்சு வீணாப் போச்சு.” டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. “ஜூன் மாசம் லீவு. காலேஜ் இல்ல, கேம்ப் இல்ல, ஃப்ரிட்ஜ் காலி. உங்க லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். ஒருத்தருக்கும் மூணு மாசம் ஆகல. எல்லாரும் ஒரே நாள்ல குடுத்துட்டாங்களே!” ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும்தான் கொடுக்கலாம் என்பது நான் வகுப்பில் நடத்திய பாடம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அதைச் செய்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவரும் இதைப் படிப்பார், தப்பும் அவருடையது அல்ல. என்னிடம் படித்தவர், முகாம் நடந்த காலத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். காலையிலேயே வந்து வரிசையில் நின்றார். மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். அவருக்கு அந்த வருடம்தான் வந்திருந்தது. இல்லை என்று எழுதினார். ஏனென்றால் படிவம் கொடுக்கும் மேஜைக்கு அருகில் நான் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முதுகில் தட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். சோதனையில் அவர் ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்து அந்தப் பையை அழித்துவிட்டார்கள். அவரைத் தனியாக அழைத்துச் சொல்லி வைத்தியமும் பார்த்தார்கள்; இப்போது நன்றாக இருக்கிறார். பல வருடம் கழித்து அவரே என்னிடம் சொன்னார். “ஏன்டா அப்பவே சொல்லல?” என்று கேட்டேன். “எப்படி டீச்சர்? நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க. ஹோம்வொர்க் பண்ணலேன்னே உங்ககிட்டச் சொன்னதில்ல, இதையா சொல்லுவேன்?” என்றார்.

சோதனை இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ஆனால் புதிதாகத் தொற்றிய கிருமி சில நாள் சோதனையிலும் அகப்படாது. அந்த நாள்களில் நமக்குள்ள காவல், கொடுப்பவர் வாய்விட்டுச் சொல்லும் உண்மை ஒன்றுதான். ஆயிரம் பேரின் பிளாஸ்மா ஒரே தொட்டியில் சேரும் இடத்தில் அதன் மதிப்பு எவ்வளவு என்று யோசித்துப் பார். கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளையின் மாமா கேட்கும்படி, சம்பந்தி வீட்டார் பார்க்கும்படி, எவன் தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்வான்? என் மாணவர்கள் இருநூற்று அறுபது பேரும் ‘வருகிறோம்’ என்று எழுதியது எனக்குப் பயம் தந்ததற்குக் காரணம் இதுதான். அவ்வளவு பேரில் முடியாதவர் ஒருவர்கூடவா இருக்க மாட்டார்? பிள்ளைகளே, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு முடியாதோ அவர்கள் கொடுக்க வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம். எனக்கு மெசேஜும் அனுப்ப வேண்டாம். என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அது என் மகனாகவே இருந்தாலும் போகாதீர்கள்.

இந்த இடத்திலிருந்து கையெழுத்து மாறுவதைக் கவனித்திருப்பாய். சொல்வது நான், எழுதுவது உங்கப்பா. என் விரல் பேனாவை விட்டுவிடுகிறது. ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன் காரியத்தை முடித்துவிடலாம். பத்திரிகையிலிருந்து அந்த வரியை எடுத்துவிடு. வருகிறவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பாதிப் பேர் ரயிலில் தூங்காமல் வந்திருப்பார்கள், மீதிப் பேர் முகூர்த்தம் முடியும்வரை விரதம். அவர்களிடம் ரத்தம் எடுக்கக் கூடாது என்பதை எந்த டாக்டரும் சொல்வார். மனமும் உடம்பும் இடம் கொடுக்கிறவர்கள், பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்கும் வசதி உள்ள வங்கி எது என்று விசாரித்து, வாரத்துக்கு ஐந்தாறு பேராகத் தனித்தனியே போகட்டும். எந்த வாரம் யார் என்று பட்டியல் போடுவது நிவேதாவுக்குப் பத்து நிமிட வேலை. மூன்று மாதம் கழித்து அவர்களே மறுபடி போகட்டும். யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஜூன் மாதம் ராகேஷ் போன் போட்டால் எடுப்பதற்கு நாலு பேர் இருப்பார்கள். நீயும் போ. மயங்கினால் ஜூஸ் கொடுப்பார்கள்.

இப்போது உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த செய்தி. மூன்று மாதமாக மருந்து சரியாக வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தானே இந்த முகாமே. போன மாதம் எனக்கு ஏற்ற வேண்டிய நாள் தள்ளிப்போயிற்று. வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று உங்கப்பா சாந்தினி சௌக்கின் மொத்த மருந்துக் கடைகள் வரை ஏறி இறங்கினார். எங்கும் ‘நஹி ஹை’, இல்லை என்ற பதில்தான். மூன்று வாரம் கழித்து, சென்ற செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். போனபோது எனக்கு முன்பே செல்வி தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அது அவள் உண்மைப் பெயர் அல்ல. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஜுக்கிக் குடிசை ஒன்றில் குடியிருந்து, நான்கு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் மகளுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே அந்தப் பெண்ணின் உடம்புக்குக் கிருமியோடு சண்டை போடும் சத்தைச் செய்யத் தெரியாது. என் காவல்படை ஆள் தெரியாமல் அடிக்கிறது, அவளுக்குப் படையே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். வந்திருப்பது ஒரு பெட்டி. எனக்கு ஒரு தடவை ஏற்றினால் தீர்ந்துவிடும். குழந்தைக்கு எடை குறைவு, நோயும் வேறு. அவளுக்கு அதே பெட்டி ஐந்து மாதம் வரும். எனக்கு வேறு வழியாக ஸ்டீராய்டு மாத்திரை உண்டு, அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. ஆனால் என் பெயர் பட்டியலில் முதலில் இருக்கிறது, கையும் கீழே போய்க்கொண்டிருக்கிறது, வீட்டில் கல்யாணம் வேறு. “ஆப் தோனோ பாத் கர் லீஜியே,” நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கார்த்தி, நான் பேசவில்லை. டாக்டரே முடிவு செய்துவிடட்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வியும் பேசவில்லை. அந்தக் குழந்தை இந்தி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு வரிக்கு ஒரு முறை இருமினாள். கடைசியில் செல்விதான் வாயைத் திறந்தாள். “இன்னாத்துக்கு டீச்சரம்மா ரெண்டு பேரும் வாய மூடினு குந்தினுகிறோம்? பேசாம இருந்தா அந்த டப்பா ரெண்டாயிடுமா? எனக்கு வோணும்னு நான் கேட்டுட்டேன். நீங்களும் உங்களுக்கு வோணும்னு கேளுங்க. அப்பால டாக்டர் பாடு.”

அவள் கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெரிய மனதோடு கொடுத்தவள் என்று வீடு திரும்பியிருப்பேன். அவள் அப்படி விடவில்லை. எனக்கும் வேண்டும் என்று சொன்னேன். கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது, மாத்திரை வேலை செய்ய எத்தனை நாள் ஆகும், சர்க்கரை எவ்வளவு ஏறும் என்று டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாத்திரைக்கு வாரக்கணக்கில் ஆகும், சர்க்கரைக்கு இன்சுலின் போட வேண்டிவரும், கல்யாணத்துக்குள் காலில் பலம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். இருமல் முற்றி அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். எதுவும் நடக்கலாம் என்றார். கணக்கு தெரிந்துவிட்டது. “அவளுக்கே போடுங்க,” என்றேன். செல்வி எழுந்தாள். என் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ வரை வந்தாள், ஏறும்போது என் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

இதைத் தியாகம் என்று யாரிடமும் சொல்லாதே. அன்றைய வீண் பைகளுக்குப் பிராயச்சித்தம் என்றும் நினைத்துக்கொள்ளாதே. அந்த ரத்தத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். யார் மேல் என்று தெரியாததால் உங்கப்பா மேல் காட்டினேன். மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் அவர் சக்கர நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ வாடகைக்குத் தள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினார். “ஏறு. இத்தனை வருஷம் நீ என்னை வெரட்டிக்கிட்டுத் திரிஞ்சேல்ல, இனி நான் உன்னைத் தள்ளிக்கிட்டுத் திரியறேன்,” என்றார். இதை எழுதும்போது பேனாவை நிறுத்திவிட்டு, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். சொன்னார். எழுதுங்கள் என்று எழுத வைத்திருக்கிறேன்.

குழந்தைக்கு இருமல் குறைந்திருக்கிறது என்று போன செவ்வாய்க்கிழமை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களை உன் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் படித்தவர்கள் மண்டபத்தில் அந்தக் குழந்தையையும் என் நாற்காலியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒன்பது வயதுப் பெண் அந்தப் பார்வையைச் சுமக்க வேண்டியதில்லை. கல்யாணம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை லட்டு எடுத்துக்கொண்டு நானே வார்டுக்குப் போவேன். அடுத்த பெட்டி எப்போது வரும், யார் பெயருக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. யாரையும் திட்டிப் பயனில்லை. எங்கெங்கே பிளாஸ்மா வீணாகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதை நீ செய். உனக்குக் கேள்வி கேட்க வரும்.

உங்கப்பா மண்டபத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் சரிவுப் பாதை இருக்கிறது. மணமேடைக்கு ஐந்து படி, கைப்பிடி கிடையாது. என்னைத் தூக்கி ஏற்ற நான்கு பேர் வருவார்கள் என்று நீ சொல்வாய். வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ தாலி கட்டும்போது நான் கீழே முதல் வரிசையில் இருப்பேன். அங்கிருந்து நன்றாகத் தெரியும் என்கிறார் உங்கப்பா. கட்டி முடித்ததும் போட்டோக்காரர் கூப்பிடுவார், மாமா கூப்பிடுவார், அவர்களையெல்லாம் நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் இருவரும் என்னிடம் இறங்கி வாருங்கள். உங்கள் தலையில் கை வைக்க வேண்டும். இன்றைய நிலையில் என் கை இடுப்புக்கு மேல் போவதில்லை; அதற்குள் மாத்திரை வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். செய்யாவிட்டால், நீங்கள் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள்.

அம்மா